கல் இல்லாத ஊரின் கல்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையோரம் எந்த இடத்தில் குழி தோண்டினாலும் பாறை தட்டாது. மணல் வரும், களி வரும், ஆற்று வண்டல் வரும். கடலை ஒட்டிய இடமானால் உப்புத் தண்ணீர் வரும். கடலூருக்குப் பக்கத்தில் மலை என்று பேர் பெற்ற ஒன்று உண்டு: கேப்பர் மலை. அதுவும் செம்மணற்கல் மேடுதான். மழை பெய்தால் அரித்துக்கொண்டு ஓடையாகும் கல் அது. புவியியல் நூல்களில் அந்தக் கல்லுக்குக் 'கடலூர் மணற்கல்' என்றே பெயர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடப்பதும், திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்களைப் பொதிந்து வைத்திருப்பதும் இதே படுகைதான். சிதம்பரமோ வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணில் அமைந்த ஊர்.

இப்படிப்பட்ட மண்ணில்தான் தில்லை நடராசர் கோயிலின் நான்கு கோபுரங்களும் ஆயிரங்கால் மண்டபமும் எழுந்தன. இதே மண்ணில்தான் இன்று வங்கிக் கடனில் கட்டும் சின்ன வீட்டுக்கும் வாசற்படி கிரானைட், சமையல் மேடை கிரானைட். அன்றும் சரி, இன்றும் சரி, இங்கே கல் வெளியூர்ச் சரக்குதான். அது வந்து சேரும் விதமும், வரும் கனமும், வந்தபின் நாம் அதற்குத் தரும் ஆயுளும்தான் மாறிப்போயின. இந்த மூன்றாவதுதான் எனக்குப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

முதலில் கல்லின் பிறப்பைப் பார்த்துவிடுவோம். பூமிக்குள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகிறது. சில இடங்களில் அந்தக் குழம்பு மேலே வழிந்து எரிமலையாகிறது. சில இடங்களில் மேலே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி இறுகுகிறது. அப்படி உள்ளே இறுகியதுதான் கிரானைட். ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் அளவில் அது முழுதாகக் கெட்டியாகிறது. மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை மூடியிருப்பதால் சூடு எளிதில் வெளியேறாது. ஆறி முடிக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். சர்க்கரைப் பாகை அவசரமாகக் கிளறி ஆற்றினால் பொடியாகப் பூத்துவிடும். நூலைக் கட்டித் தொங்கவிட்டு நாள்கணக்கில் அசைக்காமல் வைத்தால் கற்கண்டு கட்டி கட்டியாக விளையும். கிரானைட்டுக்குள் கண்ணுக்குத் தெரியும் மணிகளும் அப்படி நிதானத்தில் விளைந்தவையே. மணி பெரிதாக இருந்தால், ஆறுவதற்கு அந்தக் கல்லுக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

அந்த மணிகளில் முக்கியமானவை மூன்று. கண்ணாடிபோல் இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிவது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாக மினுங்குவது காக்காப்பொன் என்கிற மைக்கா. சிதம்பரத்தில் நாள்தோறும் ஆறு காலமும் அபிஷேகம் காணும் ஸ்படிக லிங்கம் இந்தக் குவார்ட்ஸின் தெளிந்த வடிவம்தான். கோபுரத்து அடிக்கல்லில் மணி மணியாகச் சிதறிக் கிடக்கும் அதே கனிமம் சன்னிதியில் ஒளி ஊடுருவும் முழுப் படிகமாக நிற்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறார்கள்.

ஆழத்தில் பிறந்த கல் மேலே தலைகாட்டுவதற்குக் காரணம், அதன் மேலிருந்த பாறையை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்த்துக் கொண்டுபோனதுதான். செஞ்சிக் கோட்டை நிற்கும் குன்றுகள் அப்படி வெளிப்பட்டவை. அவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றான ராஜகிரியின் மேல் ஏறி நின்றால் சுற்றிலும் உருண்டு திரண்ட பாறைகள் கிடக்கும். அவற்றிலிருந்து உதிர்ந்த மணிகளைத்தான் ஆறுகள் பொறுக்கிக்கொண்டு கடலுக்கு ஓடின. குவார்ட்ஸ் அழியாது, உருண்டு உருண்டு மணலாகிறது. ஃபெல்ட்ஸ்பார் மழைநீரில் ரசாயன மாற்றம் அடைந்து களிமண்ணாகிறது. கொள்ளிடத்து மணலும் சிதம்பரத்து நெல்வயல் களியும் மேற்கேயிருந்த இதுபோன்ற பாறைகள் பொடிந்து வந்தவையே. சிதம்பரத்துக்காரர் பாறை மேல் உட்காரவில்லை. பாறையின் பொடி மேல் உட்கார்ந்திருக்கிறார். மூலப்பாறை வேண்டுமானால் காவிரிப் படுகையில் பல இடங்களில் ஆயிரக்கணக்கான மீட்டர் துளைக்க வேண்டும்.

கல் வேண்டுமென்றால் மேற்கே போக வேண்டும். விருத்தாசலத்தைத் தாண்டித் திட்டக்குடி, வேப்பூர்ப் பக்கம் போனால்தான் பழம்பாறை தலைகாட்டத் தொடங்கும். வடமேற்கே செஞ்சி. 1993 வரை இவையெல்லாம் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். கடலூர்தான் அதற்குத் தலைமையிடம். பாறை ஒரு கோடியில், கடல் மறுகோடியில் என்று கிடந்த மாவட்டம் அது.

தமிழ்நாட்டில் கல்லில் கோயில் எழுப்பும் கதை தொடங்கிய இடங்களில் ஒன்றும் அந்தத் தென்னார்க்காட்டில்தான் இருக்கிறது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று அங்கேயே கல்வெட்டிலும் பொறித்து வைத்தான். அதுவரை கோயில் என்றால் செங்கல், மரம். அந்த மன்னன்தான் திருநாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளச் சொன்னவன் என்பது சைவ மரபு. அந்தக் கல் தெப்பமாக மிதந்து அவரைக் கரைசேர்த்த இடம் கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் வழங்குகிறது. பக்கத்திலேயே திருப்பாதிரிப்புலியூர். கல்லே இல்லாத கரையில் ஒரு கல் வந்து ஒதுங்கியதை ஊர்ப்பெயராக்கிப் போற்றும் இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம், கல் இங்கே எவ்வளவு அரிய பொருளாக இருந்திருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும்.

பாறையைக் குடைவது ஒரு வேலை; பாறையே இல்லாத ஊருக்குக் கல்லைக் கொண்டுபோய் அடுக்கிக் கட்டுவது வேறு வேலை. இந்த இரண்டாவதைச் சோழர் காலம் பெரிய அளவில் செய்தது. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் ஊர் ஊராகச் செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். விருத்தாசலம் அவற்றுள் ஒன்று. சிதம்பரத்தில் நூற்றுக்கால் மண்டபத்தை எழுப்பியவன் குலோத்துங்கனின் படைத்தலைவன் நரலோகவீரன். பின்னர் கோப்பெருஞ்சிங்கன், பாண்டியர் என்று ஒவ்வொருவராகக் கோபுரம் எடுத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் வடக்குக் கோபுரத்தைக் கட்டினார். அவருடைய உருவம் அந்தக் கோபுர வாசலில் இருக்கிறது.

அதே வடக்குக் கோபுரத்தில் என்னை மேலும் நிறுத்தி வைப்பவை வேறு சில உருவங்கள். கோபுரத்தைக் கட்டிய கல்தச்சர்களின் சிற்பங்கள் அவை. பக்கத்தில் அளவுகோல் இருக்கிறது. தலைக்கு மேலே பெயர் பொறித்திருக்கிறது. விருத்தகிரியைச் சேர்ந்த சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, இன்னும் இருவர். விருத்தகிரி என்பது விருத்தாசலம். பாறை தொடங்கும் திசையிலிருந்து வந்த கைகள், வண்டல் மண்ணில் கோபுரம் எழுப்பிவிட்டுத் தங்கள் பெயரையும் அதே கல்லில் விட்டுச் சென்றிருக்கின்றன. அரசன் உருவத்துக்கும் ஆசாரி உருவத்துக்கும் ஒரே வாசலில் இடம் கிடைத்திருக்கிறது.

அவர்கள் வேலை செய்த விதத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கனமீட்டர் கருங்கல் சுமார் 2.7 டன். ஒன்றரை அடிச் சதுரமும் பன்னிரண்டு அடி உயரமும் உள்ள ஒரு தூணை எடுத்தால் ஏறக்குறைய 2 டன் வரும். ஆயிரங்கால் மண்டபத்துக்கு அப்படிப்பட்ட தூண்களை வரிசை வரிசையாகச் செய்ய வேண்டும். பாறையில் வரிசையாகக் குழி போட்டு, குழிக்குள் ஆப்பு வைத்து, சம்மட்டியால் மாறி மாறித் தட்டினால் பாறை கோடு பிடித்தாற்போல் பிளக்கும். மாமல்லபுரத்துப் பாறைகளில் அந்தக் குழி வரிசை இன்றும் அப்படியே இருக்கிறது. பிளந்த கல்லை உருட்டியும் இழுத்தும் வண்டியில் ஏற்றியும் ஆறு கடந்து கொண்டுவர வேண்டும். வந்தபின் உளிவேலை. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கிவிடும்; கல்தச்சர் இருக்கும் இடத்தில் உளி காய்ச்சி அடிக்கக் கொல்லுலையும் இருந்தே ஆக வேண்டும். வழவழப்பாக்க வேண்டிய இடத்தைக் குருந்தக்கல் பொடியும் தண்ணீரும் விட்டுக் கையாலேயே தேய்த்தார்கள்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு சாத்திரம் இருந்தது. தட்டிப் பார்த்து ஓசையைக் கேட்பார்கள். வெண்கல மணிபோல் கணீரென்று ஒலித்தால் ஆண் கல். தெய்வத் திருமேனிக்கு ஆகும். தாளம்போல் மென்மையாக ஒலித்தால் பெண் கல். அம்மன் திருமேனிக்கும் ஆவுடைக்கும் ஆகும். ஓசை இல்லாதது அலிக்கல். அது தரைக்கும் படிக்கும் போகும். நம்பிக்கை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உள்ளே கீறல் ஓடிய கல் கணீரென்று ஒலிக்காது. மணி நெருக்கமாகவும் சீராகவும் கட்டிய கல்தான் ஒலிக்கும். உளி படும்போது தெறித்துவிடாத கல்லைக் காதால் கண்டுபிடிக்கும் வழி அது. இன்று கான்கிரீட்டுக்குள்ளும் பாறைக்குள்ளும் கேளா ஒலியைச் செலுத்தி, அது போகும் வேகத்தைக் கொண்டு விரிசலைக் கண்டுபிடிக்கிறார்கள். அடிப்படை ஒன்றே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும்தான் கல். அதற்கு மேல் ஏழு நிலையும் செங்கல்லும் சுதையும். இளகிய மண்ணில் கோபுரம் முழுவதையும் கல்லாகவே ஏற்றினால் பாரம் எவ்வளவு ஏறும்! கல்லை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கல் பாரம் தாங்கியது. அலங்காரமான நாட்டியக் கரணச் சிற்பங்கள்கூடச் சுவரின் உடம்பிலேயே இருப்பவை. மேலே ஒட்டியவை அல்ல.

கோயிலில் இவ்வளவு கல் இருந்த காலத்தில் வீட்டில் கல் எங்கே இருந்தது? அம்மி, ஆட்டுக்கல், உரல், எந்திரக்கல், கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல். அவ்வளவுதான். தரை மண் தரை. சாணம் மெழுகிய தரை. கொஞ்சம் வசதி இருந்தால் செங்கல் பாவிச் சுண்ணாம்புத் தளம். பிறகு வந்தது சிவப்புச் சிமெண்ட். பல ஆண்டுகள் கால்பட்டுக் கண்ணாடிபோல் ஆன சிவப்புத் தரைகள் சிதம்பரத்துப் பழைய தெருக்களில் இன்னும் இருக்கின்றன. பின்னர் மொசைக்.

வீட்டிலிருந்த அந்தச் சில கற்களுக்குக் குடும்பத்தில் ஓர் இடம் இருந்தது. கல்யாணத்தில் மணமகள் மிதிப்பது அம்மி. தலைமுறை தலைமுறையாக ஒரே அம்மியில் அரைத்தார்கள். அரைத்து அரைத்து முகம் வழுக்கினால், அம்மி கொத்தணுமா என்று கேட்டுக்கொண்டு தெருவில் வருகிறவரைக் கூப்பிடுவார்கள். அவர் திண்ணையோரம் குந்தி உட்கார்ந்து சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துவார். மறுபடி பத்துப் பன்னிரண்டு மாதம் ஓடும். கல் தேயும், கொத்துவார்கள், தேயும், கொத்துவார்கள். தூக்கி எறியும் பேச்சே கிடையாது. 1950களின் நடுவில் கோயம்புத்தூரில் மின்சார கிரைண்டர் உருவானபோதும் உள்ளே இருந்தது அதே கருங்கல்தான். சுற்றும் கை மட்டும் மாறியது.

கல் வீட்டுக்குள் பெருவாரியாக நுழைந்தது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில்தான். முதலில் கடப்பைக்கல் வந்தது. சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் அதுவே போதும் என்றிருந்தது. அது சுண்ணாம்புக்கல். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்டால் அரித்து வெளுத்துப்போகும். பளிங்குக்கும் அதே குறை. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் புளிக்கு மசிவதில்லை. அரிவாள்மணையும் கத்தியும் பட்டாலும் லேசில் கீறாது, ஏனென்றால் எஃகுக் கத்தியைவிட இவை கடினம். புளியில்லாமல் குழம்பு வைக்காத ஊரில் கிரானைட் சமையலறையைப் பிடித்ததில் வியப்பில்லை. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். துடைத்தால் சுத்தமாகிற, குனியாமல் நின்று சமைக்க விடுகிற ஒரு மேடை, அடுப்பூதிக் குனிந்தே கிடந்த பெண்களுக்குப் பெரிய விடுதலை. ஒரு காலத்தில் அரசர்கள் கோயிலுக்கு மட்டும் கொண்டுவர முடிந்த பொருள் இன்று கடலூர் முதுநகரில் ஒரு மீனவர் வீட்டுச் சமையல் மேடையாக இருக்கிறது என்றால் அது நல்ல மாற்றம்தான்.

அந்த மேடைக் கல் வருகிற வழி இது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்திலிருந்தோ மதுரை மேலூரிலிருந்தோ ஆந்திரத்தின் ஓங்கோல் பக்கத்திலிருந்தோ அது புறப்படுகிறது. குவாரியில் இப்போது சம்மட்டிக்கு வேலை குறைவு. பாறையில் இரண்டு திசையில் துளை போட்டு, அவை சந்திக்கும் இடத்தில் வைரத் துகள் பதித்த கம்பியைக் கோத்து மாலையாக்கி, இயந்திரத்தில் சுற்றவிட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே அறுக்கிறார்கள். வீடளவு பாறை மெழுகை அறுப்பது போல் சத்தமில்லாமல் பிரிகிறது என்று நினைக்க வேண்டாம். அந்த இரைச்சலை ஊர் முழுக்கக் கேட்கலாம். பிரித்த பாறையைச் செவ்வகக் கட்டைகளாக்குகிறார்கள். ஒவ்வொன்றும் பத்து, இருபது டன். கீறல் ஓடியது, நிறம் திரிந்தது, மூலை உடைந்தது எல்லாம் அங்கேயே மலையாகக் குவிகிறது. வெட்டியதில் பாதிக்கும் மேல் கட்டையாகத் தேறாது.

கட்டை ஆலைக்கு வந்ததும் பலகையாகிறது. நூற்றுக்கும் அதிகமான எஃகுப் பட்டைகளை வரிசையாகப் பூட்டிய ரம்பம் முன்னும் பின்னும் ஆடும். மேலிருந்து எஃகுக் குறுமணியும் சுண்ணாம்பும் கலந்த நீர் வழியும். பட்டை அறுப்பதில்லை, இடையில் உருளும் குறுமணிதான் கல்லைத் தேய்த்துப் பிளக்கிறது. மணிக்குச் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒரு கட்டை முழுதாக அறுபட இரண்டு மூன்று நாள் ஆகும். இப்போது பல வைரக் கம்பிகள் ஒரே நேரத்தில் ஓடும் இயந்திரம் வந்து அந்த நேரத்தைச் சில மணிகளாகச் சுருக்கிவிட்டது. தரைக்குப் போடும் டைல்ஸ் வேண்டுமென்றால் வழி வேறு. ஆளுயரத்தைவிடப் பெரிய வட்ட ரம்பத்தால் கட்டையிலிருந்து நேராக ஓரடி அகலப் பட்டைகளாக அறுத்து, 10 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீராக்கி, சதுரமாக நறுக்கி, விளிம்பைச் சற்றே சாய்த்து விடுகிறார்கள்.

பிறகு பாலிஷ். கரடான தேய்கல்லில் தொடங்கி, படிப்படியாக நைசான தேய்கல்லுக்குப் போக, கல்லின் முகத்தில் நம் முகம் தெரியத் தொடங்கும். பளபளப்பு என்பது மேலே பூசியது அல்ல. படிக மணிகளின் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்ட நிலை. அன்று குருந்தக்கல் பொடி செய்ததை இன்று சிலிக்கன் கார்பைடும் வைரத் துகளும் செய்கின்றன. மெல்லிய கீறல் இருக்கும் கல்லுக்கு ரெசின் ஊற்றி, முதுகில் கண்ணாடி இழை வலை ஒட்டுகிறார்கள். வழுக்காத தரை கேட்பவர்களுக்குத் தீச்சுடரை மேலே ஓட்டுகிறார்கள். குவார்ட்ஸ் 573 டிகிரியில் உள்ளமைப்பு மாறி உப்பும். மேல்தோல் பொரிந்து உதிர, சொரசொரப்பான முகம் கிடைக்கும். பெங்களூர்ப் பக்கம் ஒரு காலத்தில் விறகுத் தீயைப் பாறை மேல் மெல்ல நகர்த்தித் தகடு தகடாகக் கல் பெயர்த்ததும் கல் சூட்டுக்கு விரியும் என்கிற இதே அறிவைக் கொண்டுதான்.

இங்கே ஒரு கணக்கு. கடையில் வாங்கும் பலகை 20 மில்லிமீட்டர் கனம். ஒரு சதுர அடி சுமார் 5 கிலோ. இரண்டடி அகலமும் பத்தடி நீளமுமான சமையல் மேடை 100 கிலோ. எஃகுப் பட்டை ரம்பத்தில் ஒவ்வொரு பலகைக்கும் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குக் கல் சேறாகப் போகிறது. ஐந்தில் ஒரு பங்கு! குவாரியில் கழித்தது போக மிஞ்சியதில் இது. 10 மில்லிமீட்டர் டைல்ஸ் என்றால் விகிதம் இன்னும் மோசம். கோபுரத்து அடிக்கல்லிலிருந்து செதுக்கி எடுத்த சில்லும் கழிவுதான். ஆனால் அங்கே ஓரடி, இரண்டடி கனக் கல் கட்டடத்தில் நின்றது. இங்கே மலை கரைந்து ஒரு தோலாகிறது.

கடையில் இருக்கும் பெயர்களும் கவனத்துக்குரியவை. பிளாக் கேலக்ஸி, குன்னம் பிளாக், பாரடைசோ, காஷ்மீர் ஒயிட். காஷ்மீர் ஒயிட் வருவது மதுரைப் பக்கத்திலிருந்து. குன்னம் இருப்பது பழைய தென்னார்க்காட்டில், திண்டிவனம் பக்கம். அந்தக் கறுப்புக் கல் புவியியல்படி கிரானைட்டே அல்ல. பழம்பாறையின் வெடிப்புகளுக்குள் புகுந்து இறுகிய டோலரைட், குவார்ட்ஸ் மிகக் குறைந்த கல். நம் கோயில்களில் அதிகம் உள்ள நீலம் பாய்ந்த கருங்கல்லில் ஒரு பகுதி சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையை ஆராய்ந்து 1893இல் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைத் தந்தார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் கல்லறை மேல் கிடப்பது அங்கிருந்து போன கல்; பெயர் அவருடையது. வாங்குகிறவருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். சமையலறையில் அடர் கறுப்புக் கல் கறை குடிக்காது, வெளிர்நிறக் கல்லில் மஞ்சளும் எண்ணெயும் எளிதில் இறங்கும் என்று கிரானைட் போடும் மேஸ்திரிகள் சொல்வது இந்த வேறுபாட்டைத்தான். மணிகளுக்கு இடையே இடைவெளி எவ்வளவு என்பதே விஷயம்.

இந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. கடலூரிலும் சிதம்பரத்திலும் புது வீடு எழும் தெருவில் ஒரு நாள் நின்றால் போதும். கட்டர் மிஷின் அலறுகிறது. வெள்ளைப் புகைபோல் தூசி எழுகிறது. அதற்குள் ஒரு இளைஞர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓட்டை போடுகிறார். அந்தப் புகையில் குவார்ட்ஸ் தூள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். அங்கே தழும்பு கட்டும். தழும்பு மறுபடி ஆறாது. சிலிகோசிஸ் என்கிற அந்த நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பு மட்டும்தான் உண்டு. காசநோய் எளிதில் பற்றவும் அது வழிவிடுகிறது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெரும்பாலும் அடங்கிவிடும். சரியான முகக்கவசம் போட்டால் மீதியும் பெரும்பாலும் மூச்சோடு உள்ளே போகாது. செலவு பெரிதல்ல. வீட்டுக்காரர் கேட்டால் நடக்கும். வடக்குக் கோபுரத்தில் பெயரோடு நிற்கிறார் சேவகப்பெருமாள். நம் சமையல் மேடையை அறுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் மூச்சாவது நமக்குப் பொருட்டாக இருக்க வேண்டாமா?

மலைகளின் நிலையும் இதேதான். 2012இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், மேலூர்ப் பகுதி கிரானைட் குவாரி முறைகேடுகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பு என்று அறிக்கை கொடுத்தார். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக அமர்த்தியது. குளமும் வாய்க்காலும் மூடப்பட்டதும், பழஞ்சின்னங்கள் இருக்கும் குன்றுகள் ஆபத்துக்கு உள்ளானதும் அப்போது ஊர் பேச்சானது. பலகைக் கல்லாவது பார்க்கக் கிடைக்கிறது. அதைவிட அதிகமாகக் கருங்கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் கிரஷரில் அரைபடுகிறது. ஆற்று மணலை அள்ளித் தீர்த்ததால், இயற்கை செய்ய வேண்டிய மணலை நாம் பாறையை நொறுக்கிச் செய்துகொண்டிருக்கிறோம். சுனாமிக்குப் பின் கடலூர்க் கரையில் அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் மேற்கிலிருந்து வந்தவையே.

இதற்கிடையில் கிரானைட் தரையையே ஓரங்கட்டிவிட்டது இன்னொன்று: விட்ரிஃபைட் டைல்ஸ். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வருகிறது. அதன் சேர்மானத்தைப் பார்த்தால் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். அதாவது கிரானைட்டும் அது சிதைந்து வந்த மண்ணும். அரைத்து, அழுத்தி, 1200 டிகிரி அளவில் உருளைச் சூளையில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் கல்போல் இறுகி வெளியே வருகிறது. பூமி லட்சம் ஆண்டுகளில் செய்ததற்குப் பக்கத்தில் ஒன்றை நாம் ஒரு மணி நேரத்தில் செய்கிறோம். படிகம் விளைய நேரமில்லை. அதனால் உள்ளே பெரும்பகுதி கண்ணாடியாக உறைகிறது, மேலே கிரானைட் மாதிரி படம் அச்சிடுகிறார்கள். இந்த வித்தை நமக்கு அந்நியமல்ல. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அதற்கான பயிற்சி நிறுவனமும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. மண்ணைச் சுட்டுப் பொம்மையும் அகல்விளக்கும் செய்கிறார்கள். சேவகப்பெருமாளின் ஊர் கல்லில் தொடங்கிப் பீங்கானுக்கு வந்திருக்கிறது.

ஆயுள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. பழைய கோயிலில் கல்லோடு கல் பெரும்பாலும் சாந்தில்லாமல், தன் கனத்தாலேயே பொருந்தி நிற்கிறது. பழுது வந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் எண் எழுதிப் பிரித்து, அடித்தளத்தைச் சரிசெய்து, அதே எண் வரிசையில் திரும்ப அடுக்கிவிடலாம். தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளில் இது இன்றும் நடக்கிறது. நம் வீட்டுத் தரையிலோ டைல்ஸை சிமெண்டிலும் பசையிலும் ஒட்டுகிறோம். ஒன்றை எடுக்க நினைத்தால் நான்கு உடையும். பத்துப் பதினைந்து ஆண்டில் மோஸ்தர் மாறிவிட்டது என்று மேலேயே இன்னொரு அடுக்கு ஒட்டுகிறோம், அல்லது உடைத்துச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றுகிறோம். எத்தனையோ கோயில்களில்கூட ஓரடிக் கனப் பழங்கற்றரை மேல் வழுக்கும் கிரானைட் பாவினார்கள். மழை நாளில் வயதானவர்கள் விழுந்தார்கள். சில இடங்களில் மறுபடி பெயர்த்தார்கள்.

பழைய வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். முதலில் தேக்கு நிலையையும் சன்னலையும் கழற்றுவார்கள். அடுத்துக் கல்தூண், படிக்கல், திண்ணைக்கல். கடப்பாறை போட்டு நெம்பினால் முழுசாக வரும், வாங்க ஆள் காத்திருக்கும். கிரானைட் மேடையை அடிப்பக்கம் சிமெண்டைத் தட்டித் தட்டிப் பொறுமையாக எடுத்தால் பாதி தேறும். அது கடைக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ வாசற்படியாகப் போகும். டைல்ஸுக்கு விலை கேட்க யாரும் வரமாட்டார்கள். கிணற்றடியில் கிடக்கும் அம்மியை மட்டும் எதிர்வீட்டுப் பாட்டி கேட்டு வாங்கிக்கொள்வார். கொத்துகிற ஆள் இனி வரமாட்டார் என்று தெரிந்தும்தான்.